போட்டோ மாதிரி ஓவியம், ஓவியம் மாதிரி போட்டோ

ஓவியக் கண்காட்சியில் நன்றாக வரைந்த ஓர் உருவப்படத்தின் முன் நின்றால் பக்கத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு!" அதே ஆளுக்கு, பனிமூட்டத்தில் எடுத்த ஏரிப் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். "அடடா, பெயிண்டிங் மாதிரி இருக்கே!" என்பார். இரண்டுமே மனதாரச் சொல்லும் பாராட்டுதான். ஆனால் ஒன்றைப் புகழ இன்னொன்றின் பெயரைக் கடன் வாங்குகிறோம் என்பதைக் கவனியுங்கள். முதல் பாராட்டு, தலைமுடி தலைமுடியாக, சுருக்கம் சுருக்கமாக வரைந்த விவரங்களுக்கு. இரண்டாவது, விவரம் குறைந்து விளிம்புகள் கரைந்திருப்பதற்கு.

ஏன் என்று கேட்டால் கிடைக்கும் வழக்கமான பதில்: "கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும், ஓவியம் கற்பனை." சொல்வதற்கு வசதியான பதில், ஆனால் ஒரு படத்தைப் பார்க்கவோ எடுக்கவோ வரையவோ அது உதவாது. உதவக்கூடிய கேள்வி வேறு: படம் உருவாகும்போது முடிவுகள் எந்த இடத்தில் எடுக்கப்படுகின்றன? போட்டோவில் பெரும்பாலான முடிவுகள் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன: எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது, எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுவது. ஓவியத்தில் ஒவ்வொரு தீற்றலும் ஒரு முடிவு. நூறாவது தீற்றலில்கூட முதல் பத்தை மாற்றிக்கொள்ளலாம். மற்ற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பாரிஸில் இரண்டு ஜன்னல்கள்

1838இல், போட்டோ எடுக்கும் முறையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான லூயி டகேர் பாரிஸில் ஒரு மேல்மாடி ஜன்னலில் கேமராவை வைத்து புல்வார் டு டெம்பிள் என்ற சாலையைப் படமெடுத்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதிந்த படம். கூரை ஓடுகள், மரங்கள், ஜன்னல் சட்டங்கள் என்று எல்லாம் துல்லியம். ஆனால் சாலையில் ஆளே இல்லை. பட்டப்பகல், பாரிஸின் பரபரப்பான சாலை, வண்டிகளும் ஜனங்களும் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். கீழே இடப்பக்கத்தில் மட்டும் ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார்: பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறவர். மனித உருவம் பதிந்த மிகப் பழைய போட்டோக்களில் இது ஒன்று.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாக நடக்கிற ஒருவர் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நகர்கிறார். அந்தத் தகட்டில் படம் பதியச் சில நிமிடங்கள் ஆயின. 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் அவர் 420 மீட்டர் போயிருப்பார், அதாவது படத்தின் சட்டத்தைவிட்டே வெளியேறியிருப்பார். எந்த ஓர் இடத்திலும் தகட்டில் பதிகிற அளவுக்கு அவர் நிற்கவில்லை. பாலிஷ் போட்டுக்கொண்டவர் நின்றார், பதிந்தார். இந்தப் படத்தை 1839இல் நேரில் பார்த்த சாமுவேல் மோர்ஸ், தந்தி மோர்ஸ்தான், அந்தக் காலிச் சாலையையும் பூட்ஸ்காரரையும் பற்றி வியந்து கடிதம் எழுதினார்.

முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1873-74இல், குளோத் மொனே என்ற ஓவியர் அதே பாரிஸில் புல்வார் தெ கப்புசீன் என்ற சாலையை ஒரு மேல்மாடியிலிருந்து வரைந்தார். அந்த மாடி யாருடையது தெரியுமா? நாடார் என்ற புகழ்பெற்ற போட்டோகிராஃபரின் ஸ்டுடியோ. (நம் ஊர்ப் பெயர்போல ஒலித்தாலும் அது ஒரு பிரெஞ்சுக்காரரின் புனைபெயர்.) 1874 ஏப்ரலில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சி நடந்ததும் அதே கட்டடத்தில்தான். மொனேயின் படத்தில் சாலை நிறைய ஜனங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் முகம் இல்லை, கை இல்லை. ஒவ்வோர் ஆளும் இரண்டு மூன்று கறுப்புத் தீற்றல்கள்தான். நாலடி பின்னால் வந்தால் அந்தத் தீற்றல்கள் நடக்க ஆரம்பிக்கின்றன. அப்போது விமர்சனம் எழுதிய லூயி லெருவா, அவை நாக்கால் நக்கிவிட்ட கறைபோல இருக்கின்றன என்று கிண்டலடித்தார்.

இரண்டு பேருக்கும் முன்னால் இருந்தது ஒரே வகைச் சாலை, ஒரே வகைக் கூட்டம். டகேரின் தகடு கல்லையும் கூரை ஓடுகளையும் பிடித்தது, கூட்டத்தை விட்டுவிட்டது. மொனேயின் தூரிகை கூட்டத்தைப் பிடித்தது, கல்லையும் கூரை ஓடுகளையும் பொருட்படுத்தவில்லை. எது உண்மை என்று கேட்டால் தலை சுற்றும். ஆனால் ஒரு விஷயம் தெளிவு: டகேரால் அந்தக் கூட்டத்தைப் படத்தில் கொண்டுவந்திருக்கவே முடியாது, எவ்வளவு விரும்பினாலும். மொனே நினைத்திருந்தால் சாலையைக் காலியாகவும் வரைந்திருக்கலாம். அவருடைய கூட்டம் ஒரு தேர்வு. டகேரின் காலிச் சாலையோ வேதியியல் விதித்தது.

இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் உள்ள மொனேயின் இந்தச் சாலைப் படத்தில் வலது ஓரத்து பால்கனியில் தொப்பி வைத்த இருவர் சட்டத்தால் வெட்டுப்பட்டு நிற்கிறார்கள். ஓரத்தில் ஆளை வெட்டுவது போட்டோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு உறுத்தாத விஷயம். இரண்டு ஊடகங்களும் அப்போதே ஒன்றின் தட்டிலிருந்து மற்றொன்று எடுத்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டன.

நேரத்தை எப்படிக் கையாள்கின்றன

ஷட்டர் வேகம் என்பது சென்சார் அல்லது ஃபிலிமின் மேல் வெளிச்சம் விழும் கால அளவு. அதே நடக்கிற ஆளை 1/125 நொடியில் எடுத்தால் அவர் நகர்வது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உருவம் உறைந்து நிற்கும். 1/4 நொடியில் எடுத்தால் 35 சென்டிமீட்டர். ஆள் இழுபட்டுப் போவார், கால் இருக்கும் இடம் தெரியாது. வேகம் எதுவானாலும் ஒரு விதி மாறாது: ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் நடந்தது மட்டுமே படத்தில் இருக்கும், அதற்கு ஒரு நொடி முன்னால் நடந்தது இருக்காது.

ஓவியத்தில் நேரம் சேர்கிறது. ஒரு முகத்தை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரைந்தால், எதிரில் இருப்பவர் அதற்குள் பத்துத் தடவை சலித்திருப்பார், சிரித்திருப்பார், தோளைத் தளர்த்தியிருப்பார். தாளில் வருவது அவற்றுள் எந்த ஒரு கணமும் இல்லாத, எல்லாவற்றையும் கலந்த ஒரு முகம். பாஸ்போர்ட் போட்டோவில் நாம் நம்மைப்போல இல்லாமல் போவதற்கு ஒரு காரணம் இதற்கு நேர் எதிரானது: சிமிட்டத் தொடங்கிய இமை, மூடப்போன வாய் என்று யாருமே கவனிக்காத ஒரு கணத்தை அது பிடித்துவைத்துவிடுகிறது.

இந்த வித்தியாசம் வெளிச்சத்துக்கு வந்தது குதிரையால். பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களை பின்னாலும் நீட்டி, நான்கு காலும் தரையில் படாமல் பறக்கின்றன. அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் வரைந்தார்கள். 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற போட்டோகிராஃபர் ஓடுபாதை ஓரம் கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைத் தொடர்ந்து படமெடுத்தார். நான்கு காலும் தரையை விடுவது நிஜம்தான், ஆனால் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் குவிந்திருக்கும்போதுதான் அது நடக்கிறது, நீட்டியிருக்கும்போது இல்லை. ஜெரிக்கோ தப்பு என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். ஆனாலும் மைபிரிட்ஜின் தனிப் படம் ஒன்றைப் பார்த்தால் குதிரை ஓடுவதாகவே தோன்றாது, அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும். ஜெரிக்கோவின் குதிரை ஓடுகிறது. தப்பான காலோடு ஓடுகிறது.

வெளிச்சம்: ஜன்னலோரப் பித்தளைச் சொம்பு

ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

காலை 9 மணிக்கு ஜன்னல் திண்டில் ஒரு பித்தளைச் சொம்பை வையுங்கள். வெயில் ஒரு பக்கம் மட்டும் விழட்டும். மறுபக்கம் அறையின் இருட்டு. உங்கள் கண்ணுக்கு எல்லாமே தெரியும்: வெயில்பட்ட பக்கத்தில் பளீரென்ற ஒரு புள்ளி, நடுவில் மஞ்சள், நிழல் பக்கத்தில் காப்பி நிறம், அடிவயிற்றில் திண்டிலிருந்து எதிரொளித்து வரும் மங்கலான வெளிச்சம், வெளியே வேப்பமரம். இந்தக் காட்சியில் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் உள்ள வித்தியாசம் சுலபமாக ஆயிரம் மடங்கைத் தாண்டும். கண் அதைச் சமாளிப்பது ஒரே பார்வையில் இல்லை. பளீர்ப் புள்ளியைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குகிறது, நிழலுக்கு நகரும்போது விரிகிறது. நாம் பார்ப்பதாக நினைக்கும் "ஒரு காட்சி" உண்மையில் பல பார்வைகளைத் தைத்துச் சேர்த்தது.

கேமரா ஒரே பார்வையில் பார்க்கிறது. அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சாரின் உணர்திறன்) மூன்றும் சேர்ந்து மொத்தப் படத்துக்கும் ஒரே அளவு வெளிச்சத்தை நிர்ணயிக்கின்றன. இவற்றில் ஒவ்வொரு முறையும் வெளிச்சம் இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். நல்ல வெயிலுக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: அப்பர்ச்சர் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100 அல்லது 1/125. வெயில்பட்ட சொம்புப் பக்கத்துக்கு அது பொருந்தும். ஆனால் நிழல் பக்கத்துக்கு அதைவிட ஐந்தாறு ஸ்டாப் அதிகம் தேவைப்படலாம். நிழலுக்கு வைத்தால் பளீர்ப் பக்கமும் வேப்பமரமும் வெள்ளைத்தாளாகிவிடும். பளீருக்கு வைத்தால் பாதிச் சொம்பு கரியாகிவிடும்.

இதில் ஒரு பக்கச்சார்பு உண்டு, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் கேமராவில் வெளுத்துப்போன இடத்தில் தகவலே இருக்காது, பிறகு என்ன செய்தாலும் திரும்ப வராது. இருண்டுபோன இடத்தை ஓரளவு தூக்கலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், அவ்வளவுதான். ஆகவே போனில் எடுக்கும்போது திரையில் சொம்பின் வெளிச்சப் பக்கத்தைத் தொட்டு, விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து ஒரு படி இருட்டாக்கி எடுங்கள். பலர் இதற்குத் தலைகீழாகச் செய்துவிட்டு, "போன் கேமரா சரியில்லை" என்பார்கள்.

ஓவியரின் பிரச்சினை இன்னும் மோசம் என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். வாட்டர்கலர் தாளின் வெள்ளைக்கும் அதில் போடக்கூடிய மிகக் கறுப்பான பூச்சுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் இருபது மடங்குதான். ஆயிரத்தை இருபதில் அடக்க வேண்டும். அடக்கும் வேலையைத் தூரிகை பகுதி பகுதியாகச் செய்கிறது, கேமராவின் ஒரே அமைப்புக்கு முடியாதது இதுதான். வேப்பமரத்தை வெறும் வெளிர்பச்சையாகத் தணிக்கலாம். நிழல் பக்கத்தை நிஜத்தைவிட ஒரு படி ஏற்றலாம். பளீர்ப் புள்ளியைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, அதைச் சுற்றி வேண்டுமென்றே அடர்த்தியாகப் பூசினால், வெறும் தாள் தங்கம்போல ஜொலிக்கும்.

கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து மூன்றே தளங்கள் தெரியும்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. ஓவியப் பயிற்சியில் முதலில் கற்பிக்கும் வித்தை இதுதான். அந்த மூன்றையும் பென்சிலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னக் கட்டத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் பெரிய தாளைத் தொட வேண்டும்.

போன் கேமராக்காரர்கள் இந்த இடத்தில் கை தூக்குவார்கள்: "என் போனில் ஹெச்டிஆர் இருக்கே, எல்லாம் தெரியுதே?" உண்மை. ஹெச்டிஆர் என்பது பல படங்களை வேறு வேறு அளவில் அடுத்தடுத்து எடுத்து, வெளிச்சத்தை ஒன்றிலிருந்தும் நிழலை இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்ப்பது. அதாவது ஓவியர் தூரிகையால் பகுதி பகுதியாகச் செய்வதை மென்பொருள் செய்கிறது, ஆனால் எதைத் தூக்கலாம் எதை அமுக்கலாம் என்று உங்களைக் கேட்காமல். அதனால்தான் சில ஹெச்டிஆர் படங்களில் நிழலே இல்லாமல், எல்லாம் சமமாக, சாம்பார் சாதம்போல இருக்கும்.

தூரமும் மூக்கும்

ஒரு முகத்தைப் பெரிதாகக் காட்டுவதும் சிறிதாகக் காட்டுவதும் லென்ஸின் வேலை. முகத்தின் உருவத்தை மாற்றுவது தூரத்தின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நேரும் கோளாறுகள் பல.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக 12 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கையை மடக்கி 30 சென்டிமீட்டரில் செல்ஃபி எடுத்தால் மூக்கு 30இலும் காது 42இலும் இருக்கும். ஆக, காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதியும். அதே முகத்தை 2 மீட்டரிலிருந்து எடுத்தால் 200க்கு 212. வித்தியாசம் 6 சதவீதம்தான். உருவப்படத்துக்கு 85 முதல் 105 மி.மீ. லென்ஸ் என்று சொல்வதன் காரணம், அந்த லென்ஸோடு சட்டத்தை முகத்தால் நிரப்ப வேண்டுமென்றால் நீங்கள் தானாகவே அவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டியிருக்கும் என்பதே.

எதிரில் ஆளை உட்காரவைத்து வரைகிற ஓவியரும் ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளித்தான் உட்காருகிறார். ஆக, செல்ஃபியைப் பார்த்துப் பார்த்து வரைந்து, "ஜாடை வருது, ஆனா என்னமோ இடிக்குது" என்று புலம்புகிறவர்களுக்குக் கை சரியில்லாமல் இல்லை. மூலப் படத்திலேயே மூக்கு வீங்கியிருக்கிறது.

போட்டோவைப் பார்த்து வரைவதில் வேறு சில பொறிகளும் உண்டு. போட்டோவில் நிழல் ஒரே கறுப்பாக மூடிப்போயிருக்கும். அதை அப்படியே கறுப்பு டியூபால் பூசினால் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல இருக்கும். நேரில் அந்த நிழலுக்குள் பழுப்பும் நீலமும் இருக்கும். டியூப் கறுப்புக்குப் பதில் அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கறுப்புக்கு அருகில் போகும், ஆனால் உயிர் இருக்கும். நீலம் தூக்கலாகவோ பழுப்புத் தூக்கலாகவோ சாய்த்துக்கொள்ளலாம். அடுத்தது விளிம்புகள். போன் படத்தில் மூக்கு, சுவர், பின்னால் தொங்கும் காலண்டர் எல்லாமே ஒரே கூர்மையில் இருக்கும். கண் ஒரு சமயத்தில் ஓரிடத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும், சுற்றியிருப்பது மங்கும். எல்லா விளிம்பையும் கத்தியால் வெட்டியதுபோல வரைந்தால் பார்ப்பவருக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. ஒரே காட்சியை மூன்று படமாக எடுத்துவைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்: ஒன்று சாதாரணமாக, ஒன்று இரண்டு ஸ்டாப் இருட்டாக, ஒன்று இரண்டு ஸ்டாப் வெளிச்சமாக. நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று மூன்றாவதைப் பார்க்கலாம்.

போட்டோவின் குணத்தையே ஓவியத்தின் விஷயமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்கரான சக் குளோஸ் 1967-68இல் தன் முகத்தைச் சுமார் 2.7 மீட்டர் உயரத்துக்கு, ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி அக்ரிலிக்கில் வரைந்தார். கண்ணாடிச் சட்டமும் தாடி மயிரும் சிகரெட்டும் எண்ணிவிடலாம்போல இருக்கின்றன, காதும் தோளும் மங்குகின்றன. காரணம், மூலப் போட்டோவில் கேமரா அங்கே ஃபோகஸ் ஆகவில்லை. எந்த ஓவியரும் நேரில் பார்த்து வரைந்தால் காதை அப்படி வரையமாட்டார். "போட்டோ மாதிரி இருக்கு" என்ற பாராட்டை முழு அர்த்தத்தில் ஏற்றுக்கொண்ட ஓவியம் என்றால் இதுதான்: லென்ஸ் பார்த்ததையும் வரைந்தது, லென்ஸ் பார்க்கத் தவறியதையும் வரைந்தது.

நம் ஊர் சினிமா பேனர் ஓவியர்களும் ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டுத்தான் நாற்பதடி முகத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் நிறத்தில் அவர்கள் போட்டோவை நம்பவில்லை. கன்னத்தில் ரோஸ், தாடை நிழலில் நீலமும் பச்சையும் துணிந்து அடித்தார்கள். சாலையின் மறுபக்கத்திலிருந்து, ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவனுக்கு அதுதான் முகமாகத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"போட்டோ பொய் சொல்லாது" என்பது

தஞ்சைப் பெரிய கோயிலை 1858இல் படமெடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி. அப்போது மதராஸ் மாகாண அரசின் போட்டோகிராஃபர். மதுரை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை எல்லாவற்றையும் மெழுகிட்ட பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிச் சேர்த்துச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஆவணம் என்றால் இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அவருடைய பல படங்களில் வானத்தில் இருக்கும் மேகங்கள் அவர் வரைந்தவை. அந்தக் கால வேதிப்பொருள் நீல வெளிச்சத்துக்கு மட்டும் துடிப்பாக இருந்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் கிட்டத்தட்ட குருடு. அதனால் நீல வானம் வெளுத்து வெற்றுத் தாளாகியது, மரங்கள் கறுத்துக் குமைந்தன. ட்ரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் நிறமி பூசினார். நெகட்டிவில் எங்கே அடர்த்தி கூடுகிறதோ அங்கே அச்சில் வெளிச்சம் கூடும் என்பதால், மேகமும் இலைகளும் அச்சில் வந்தன. அவரைப் பொய்யர் என்று சொல்வது அநியாயம். கண் பார்த்த வானத்தை வேதியியல் தின்றுவிட்டது; அவர் அதைத் திருப்பி வைத்தார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே அதே 1850களில் கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து ஒரே அச்சாகச் சேர்த்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஹெச்டிஆருக்கு அதுவே பாட்டன்.

ஸ்டுடியோக்களில் டச்சிங் என்ற வேலை இருந்ததைப் பழைய தலைமுறை அறியும். கூர் சீவிய பென்சிலால் நெகட்டிவில் மெல்லப் புள்ளி வைத்து முகத்துப் பருவையும் கண்ணடிக் கருவளையத்தையும் நீக்குவார்கள். இன்று போனின் போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி மங்குவதும் பெரும்பாலும் கணக்குப்போட்டுச் செய்யும் மங்கல்தான். லென்ஸ் அதைச் செய்யவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் சுருட்டை முடியின் ஓரத்தையோ மூக்குக் கண்ணாடிக் கம்பியையோ பெரிதாக்கிப் பாருங்கள். பாதி முடி பின்னணியோடு சேர்ந்து கரைந்திருக்கும்.

அதற்காகப் போட்டோவும் ஓவியமும் ஒன்று என்றாகிவிடாது. போட்டோவுக்கு ஒரு கட்டாயம் உண்டு: அந்தப் பொருள் அந்த நேரத்தில் அந்த லென்ஸின் முன் இருந்தே ஆக வேண்டும். ஓவியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செய்தித்தாளில், நீதிமன்றத்தில், ஆதார் அட்டையில் போட்டோவுக்கு இருக்கும் மதிப்பு இந்த ஒரு கட்டாயத்தின்மேல் நிற்கிறது.

பொருளாகப் பார்த்தால்

ஓவியத்துக்கு ஓர் அளவு உண்டு. போட்டோவுக்கு நீங்கள் கொடுப்பதுதான் அளவு. 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000க்கு 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் சுமார் 13க்கு 10 அங்குலம் வரும். அதே கோப்பைத் தபால்தலை அளவிலும் பார்க்கலாம், தூரத்திலிருந்து பார்க்கும் பேனராகவும் அடிக்கலாம். ஆயில் ஓவியத்தில் பெயின்ட் தடித்து நிற்கும் மேடு, கேன்வாஸின் நெசவு எல்லாம் படத்தின் பகுதி. போன் திரையில் பார்க்கும்போது அவை இல்லை. ஓவியத்தை நெட்டில் மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வதில் உள்ள ஆபத்து இது.

வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டினால் இன்னொன்று தெரியும். 1970களின் கலர்ப் படங்கள் பல சிவந்துபோயிருக்கும். கலர்த் தாளின் மூன்று சாயங்களில் பச்சைநீலச் சாயம் முதலில் மங்கியதால், மிஞ்சியது செம்மை. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளித் துகளால் ஆனவை, ஒழுங்காகக் கழுவியிருந்தால் இன்றும் அப்படியே இருக்கும். ஓவியத்திலும் இதே கதைதான்: பழைய அலிசரின் கிரிம்சன் சிவப்பு வெயில்பட்டால் வெளிறும், மண்ணிலிருந்து வரும் எல்லோ ஓக்கர் நூற்றாண்டுகள் நிற்கும். டியூபின் மேல் ஒளி தாங்கும் திறன் அச்சிட்டிருக்கும், வாங்கும்முன் பாருங்கள்.

ஓவியத்தைப் போட்டோ எடுப்பது தனி வேலை. சுவரில் மாட்டி, ஒரே வகை பல்பு இரண்டை இரு பக்கமும் 45 டிகிரியில், சம தூரத்தில் வையுங்கள். கேமரா ஓவியத்தின் மைய உயரத்தில், அதற்கு நேராக, டிரைபாடில். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8, 2 நொடி டைமர். ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையையும் வைத்து எடுத்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்யலாம். ஃபிளாஷ் போட்டால் வார்னிஷில் வெள்ளைக் குட்டை விழும். ஒரு பக்கம் டியூப்லைட், மறுபக்கம் மஞ்சள் பல்பு என்று கலந்தால் எந்த மென்பொருளாலும் முழுசாகத் திருத்த முடியாது. விளக்கு இல்லையா? மேகமூட்டமான நாளில் மொட்டைமாடி நிழலில் எடுங்கள், போதும்.

ஒரு காலைப் பயிற்சி

படித்ததைக் கையால் பார்க்க, மேலே சொன்ன அதே சொம்பு போதும். தேவை: ஒரு போன், ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் ஒன்று (இதைவிட மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும்), எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரீன், 8ஆம் நம்பர் உருண்டை பிரஷ் ஒன்று, இரண்டு கிளாஸ் தண்ணீர்.

முதலில் போட்டோ. 2 மீட்டர் தள்ளி நின்று, ஜூமை இரண்டு மடங்கு வைத்து, பளீர்ப் பக்கத்துக்குப் பூட்டி எடுங்கள். பிறகு கேமராவை நகர்த்தாமல் நிழலுக்குப் பூட்டி இன்னொன்று. போனை மூடி வைத்துவிடுங்கள். வரைந்து முடிக்கும்வரை அதைப் பார்க்கக் கூடாது.

ஓவியத்துக்கு 40 நிமிடம். சொம்பின் கோட்டுருவத்தைப் பென்சிலில் லேசாகப் போட்டு, பளீர்ப் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் வரைந்து, அதற்குள் பிரஷ் போகாது என்று முடிவெடுங்கள். வாட்டர்கலரில் வெள்ளை திரும்பக் கிடைப்பது கடினம். முதல் பூச்சு எல்லோ ஓக்கர், நிறையத் தண்ணீரோடு, அந்தப் புள்ளி தவிர முழுச் சொம்புக்கும். காய விடுங்கள், புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கிறதென்றால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டுப் பாதி ஈரத்தில் நீர் நிறைந்த பிரஷை வைத்தால் பூ விரிந்தாற்போல் கறை பரவும், எடுக்க முடியாது. இரண்டாவது பூச்சு பர்ன்ட் சியன்னா, நடுவிலிருந்து நிழல் பக்கம் வரை. மூன்றாவது சியன்னாவும் அல்ட்ராமரீனும் கலந்த இருட்டு, நிழல் ஓரத்தில் மட்டும். அடிவயிற்றின் எதிரொளியை மூடாமல். வேப்பமரத்துக்கு ஓக்கரோடு துளி நீலம், ஒரே பூச்சு, இலை எண்ண வேண்டாம்.

பிறகு மூன்றையும் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முதல் போட்டோவில் நிழல் பக்கம் சுவரோடு கலந்திருக்கும், இரண்டாவதில் பளீர்ப் பக்கம் ஜன்னலோடு கலந்திருக்கும். உங்கள் தாளில் கோடு கோணலாக இருக்கலாம், வாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் இருக்கும். சொம்பில் இருந்த நசுங்கலும் அடியில் இருந்த எழுத்துப் பொறிப்பும் போட்டோவில் இருக்கும், உங்கள் தாளில் அநேகமாக இருக்காது. எவை விடுபட்டன என்று பென்சிலால் தாளின் பின்னால் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் மேகமூட்டமாக இருந்தால் அதே 9 மணிக்கு, அதே இடத்தில் சொம்பை வைத்து மறுபடி செய்யுங்கள். அன்றைக்குக் காட்சியின் வெளிச்ச வித்தியாசம் வெகுவாகக் குறைந்திருக்கும். கேமராவுக்கு வேலை சுலபம், உங்களுக்குத்தான் அந்தப் பளீர்ப் புள்ளியை எங்கே வைப்பது என்று திண்டாட்டமாக இருக்கும்.